படி இல்லாத ஜீப்பு

திங்கட்கிழமை விடிகாலையில் பெரியம்மாள் ஜீப்பில் ஏறத் தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. பின்பக்கம் இருந்த இரும்புப் படியைக் காணவில்லை. பதினோரு வருசமாகக் கண்ணை மூடிக்கொண்டு ஏறின வண்டி. கால் கொஞ்ச நேரம் காற்றைத் துழாவிப் பார்த்துவிட்டு மறுபடி தரைக்கு இறங்கியது.

"ஏண்டி ஒச்சு, படிய எங்கடி?"

ஒச்சம்மாளுக்குத் தெரியவில்லை. தன் புருசன் அமாவாசை வண்டியில் படி இல்லை என்பது ஊரோடு சேர்ந்துதான் தனக்கும் தெரிகிறது என்று அவளுக்குச் சுருக்கென்றது. அவள் வெறும் டிரைவர் பொண்டாட்டி இல்லை. போடியிலிருந்து போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்குத் தினமும் பெண்களைக் கூட்டிப் போகிற கங்காணி. அவளையும் சேர்த்துப் பதினாலு பேர். அவள் வாக்கை நம்பி வருகிறார்கள், அமாவாசையின் ஜீப்பை நம்பி ஏறுகிறார்கள். இரண்டில் ஒன்று கெட்டால் கூட்டம் நாளைக்கே வேறு வண்டிக்குப் போய்விடும். போடியில் ஜீப்புக்கா பஞ்சம்?

நாலு நாள் பட்டறையில் கிடந்துவிட்டு வந்திருந்த வண்டி ஆளே மாறியிருந்தது. முன்னால் கறுப்புப் பம்பர், அதன் நடுவில் இரும்புக் கயிறு சுற்றிய வின்ச்சு. ரெண்டு மஞ்சள் லைட்டு. டயர் ஒவ்வொன்றும் உரல் தடிமன். அடியில் என்னத்தையோ கொடுத்து வண்டியை ஒரு முழம் தூக்கிவிட்டிருந்தார்கள். பெரியம்மாளுக்குப் பின்கதவு நெஞ்சுக்கு வந்தது.

கடைசியில் செல்லக்கிளியும் வீரலட்சுமியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கிழவியைத் தூக்கி உள்ளே போட்டார்கள்.

"ஏண்டி, என்னைய என்ன உர மூட்டையின்னு நெனச்சீகளா? மெல்லத் தூக்குங்கடி."

"உர மூட்டையா இருந்தா இம்புட்டுப் பேசாது ஆத்தா," என்றாள் செல்லக்கிளி. ஏறி உட்கார்ந்தவள் மூக்கை இரண்டு தரம் உறிஞ்சினாள். "மதினி, வண்டியில ஏலக்கா வாசத்தையே காணோம். ஷாம்பு வாசமில்ல அடிக்குது! அண்ணன் இத்தன வருசத்துல என்னைக்காச்சும் இதைக் குளிப்பாட்டிப் பாத்திருக்கோமா?"

பெண்கள் சிரித்தார்கள். ஒச்சம்மாளும் சிரித்து வைத்தாள். கங்காணி என்றால் கடைசியில் ஏறிப் பின்கதவோரம் உட்கார வேண்டும். மேலே படுதாவைத் தாங்குகிற கம்பியில் பதினாலு கொக்கிகள் உண்டு. ஆளுக்கொரு கொக்கி, அதில் அவரவர் தூக்குச்சட்டி. ஒருத்தி கொக்கியில் இன்னொருத்தி மாட்டிவிட்டால் மெட்டு ஏறும் வரைக்கும் பேச்சு நிற்காது. ஒச்சம்மாள் தன் கொக்கியில் சட்டியை மாட்டிவிட்டு, முன்னால் உட்கார்ந்திருந்த புருசனின் பிடரியைப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை.

அமாவாசை அதிகம் பேசாத ஆள். என்ன வாங்கினாலும் ஏன் வாங்கினேன் என்று சொல்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. இந்த மூன்று மாசமாகத்தான் வாங்கிச் சேர்த்த ஒவ்வொன்றுக்கும் கேட்காமலே காரணம் சொன்னான். வின்ச்சு எதற்கு என்றால் மழைக்கு மண் சரிந்தால் இழுக்க. லைட்டு எதற்கு என்றால் மூடுபனிக்கு. டயர் எதற்கு என்றால் வழுக்காமல் இருக்க. எல்லாம் சரியான காரணம்தான். கேட்காத கேள்விக்குச் சரியான பதில் சொல்கிறவனை எந்தப் பொண்டாட்டி நம்புவாள்? தன் பைக்கை விற்றுத்தான் இதையெல்லாம் வாங்கினான். ஆசையாக வைத்திருந்த பைக்கு.

அடிவாரத்தில் முந்தல் ஊரைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் டயர் சத்தம் கேட்டது. பழைய டயர் சத்தமே போடாது. இது ஊளையிட்டுக்கொண்டே வந்தது.

"இந்தச் சத்தம் நான் கேட்டிருக்கேன்," என்றாள் வீரலட்சுமி. "சூரியநெல்லியில டூரிஸ்ட்டுக்கு ஓட்டுற ஜீப்பெல்லாம் இப்பிடித்தேன் கத்தும். விடியக்காலம் சூரியன் பாக்கக் கூட்டிப் போவாங்கெ."

"நம்ம தெனமும் ஓசியில பாக்குறமே அதே சூரியனவா?" என்றாள் செல்லக்கிளி.

"அதேதேன். அவுக உச்சியில நின்னு பாப்பாக. நம்ம குத்தவச்சுப் பாக்குறோம்."

"அதுக்கு வண்டிக்குப் படி தேவையில்லயாக்கும்?"

"பேண்ட்டுப் போட்டவுகளுக்குப் படி எதுக்கு? தாவி ஏறிருவாக. சேல கட்டுனவளுக்குத்தேன் படி வேணும்."

அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை. விசயம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. படி இல்லாத வண்டி நமக்கு இல்லை.

"மதினி," என்று செல்லக்கிளி குரலைத் தாழ்த்தினாள். "அண்ணன் டூரிஸ்ட்டுக்கு மாறப் போகுதுன்னா இப்பவே சொல்லிரு. மனோஜு வண்டியில எடம் கேட்டு வச்சுக்கிருவோம். கடைசி நாள்ல சொல்லி எங்களைய நடுரோட்டுல விட்றாத."

"எனக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டனாடி?"

"தெரியலன்னு சொல்றியே, அதேன் பயமா இருக்கு. ஒரு வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு."

பதினேழு கொண்டை ஊசி வளைவையும் ஏறி ஜீப்பு தோட்டத்துக்கு வந்தது.

தோட்டத்தில் காய் எடுப்பு மும்முரம். ஏலச்செடியின் தூரில், தரையோடு படர்ந்த சரத்தில்தான் காய் இருக்கும். செடிக்குள் தலையை நுழைத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முற்றினதை மட்டும் கிள்ளி இடுப்பில் கட்டின பைக்குள் போட வேண்டும். இலையிலிருந்து தண்ணீர் பிடரியில் சொட்டும். அட்டை எந்த நேரம் ஏறியது என்று ரத்தம் வழிந்த பிறகுதான் தெரியும். ஒச்சம்மாள் கைக்குக் கண் வேண்டாம், அது பாட்டுக்குக் கிள்ளும். அதனால் கண் மரச்சந்தில் தெரிந்த ரோட்டின் மேலேயே கிடந்தது.

பத்து மணிக்கு ஜீப்பு புறப்பட்டது. சாயங்காலம் வரைக்கும் தோட்டத்து ஸ்டோர் வாசலில் நிற்க வேண்டிய வண்டி. பூப்பாறைப் பக்கம் போய் ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பியது. கூடவே பைக்கில் பிரதீப்பு வந்தான். ராஜகுமாரி ஊர்க்காரன், டூரிஸ்ட் ஜீப்புகளுக்கு உதிரிச் சாமான் விற்கிறவன். அவனும் அமாவாசையும் வண்டிக்குள் குனிந்து டேப்பு பிடித்து அளந்தார்கள்.

மத்தியானம் கட்டஞ்சாயா வாங்கப் போகிற சாக்கில் ஒச்சம்மாள் அங்கே போனாள். அமாவாசை டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டான்.

"என்ன தம்பி அளக்குறீக?"

"ஒண்ணுமில்லா சேச்சி," என்று சிரித்தான் பிரதீப்பு. "சேட்டன் சீட்டு மாத்தணும்னு பறஞ்சு. முன்னோட்டுப் பாத்து இருக்கிற சீட்டு. பெல்ட்டு எல்லாம் உண்டு. நல்ல சாதனம்."

"பெல்ட்டா? காய் எடுக்கப் போற பொம்பளைக்கு எதுக்குத் தம்பி பெல்ட்டு?"

பிரதீப்பு அமாவாசையைப் பார்த்தான். அமாவாசை ரோட்டைப் பார்த்தான்.

"சோலியப் பாருபுள்ள," என்றான். "காய் கெடக்கு."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருசத்தில் அவன் அவளை அப்படி விரட்டியதில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சாயங்காலம் பெரியம்மாளை மறுபடி மூட்டையாகத் தூக்கி ஏற்றினார்கள். கிழவி சேலையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்ததில்தான் ஒச்சம்மாளுக்கு மனசு விட்டுப்போனது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் சோறு இறங்கியது, பேச்சு இறங்கவில்லை. சனிக்கிழமை ஆட்களை இறக்கிவிட்டு அமாவாசை வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிப் போனான். பஸ்சு பிடித்துத் திரும்பி வந்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் சவரம் பண்ணப் போன நேரம் பார்த்து ஒச்சம்மாள் பட்டறைக்கு நடந்தாள்.

பட்டறைக்காரன் ஈஸ்வரன் அவளுக்குத் தம்பி முறை. வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வந்தவளைப் பார்த்ததும் முழித்தான்.

"வாக்கா. அண்ணே வரலயா?"

"அண்ணே வந்தா நான் எதுக்கு வர்றேன்? வண்டிய எங்க?"

"அங்கிட்டுப் போகாதக்கா, சூடா இருக்கும். பெயிண்ட்டு வேற காயல."

"இருவது வருசமா அடுப்படியில நிக்கிறேன். எனக்குச் சூட்டச் சொல்றியா?"

பழைய இரும்புக் குவியலில் படி கிடந்தது. மிதித்து மிதித்து நடுவில் வெள்ளையாய்த் தேய்ந்த படி. பக்கத்திலேயே படுதாக் கம்பி, பதினாலு கொக்கியோடு. தன் கொக்கியில் சுற்றியிருந்த பச்சை நூலை ஒச்சம்மாள் அடையாளம் கண்டாள்.

"எங்க பொழப்பையே அறுத்துப் போட்டுருக்கியேடா."

"நான் எங்கக்கா அறுத்தேன்? அண்ணந்தேன்..."

"அண்ணந்தேன் என்ன? டூரிஸ்ட்டுக்கு ஓட்டப் போறாரா? சொல்லித் தொலையேண்டா. நீயும் ஒரு அக்கா தங்கச்சியோட பெறந்தவந்தானே?"

"டூரிஸ்ட்டா? எனக்குத் தெரியாதுக்கா. ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னு தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிருக்கு. நான் சொன்ன பேச்சையும் கேக்கல. வண்டிய ஒசத்தாதண்ணே, ஒசந்த வண்டிதேன் வெரசாச் சாயும்னேன். பெரிய டயருன்னா நல்லாப் பிடிக்கும்னு ஒத்தக்கால்ல நின்னு மாட்டுச்சு. இப்பத்தேன் எறக்கச் சொல்லுது. நேத்து ராத்திரி பூரா முழிச்சுத்தேன் எறக்குனேன்."

அப்போதுதான் அவள் வண்டியைப் பார்த்தாள். உயரம் குறைந்திருந்தது. உள்ளே தடித்த இரும்புக் குழாயில் ஒரு கூண்டு. தரையிலிருந்து எழும்பி, தலைக்கு மேலே வளைந்து, மறுபடி தரைக்கு இறங்கிப் பற்றவைத்திருந்தார்கள். கூண்டுக்குள் பிளாஸ்டிக் உறை கழற்றாத சீட்டுகள். ஒவ்வொன்றிலும் பெல்ட்டு தொங்கியது.

மேல்குழாயில் கொக்கிகள் இருந்தன. புதுக் கொக்கிகள்.

ஒச்சம்மாளுக்கு மூச்சு வந்தது. டூரிஸ்ட்டு எவன் தூக்குச்சட்டி கொண்டு வருவான்? கொக்கி இருக்கிறதென்றால் வண்டி நமக்குத்தான். தேவையில்லாமல் ஒரு வாரம் அந்த மனுசனுக்குக் கஞ்சியைக் கூட முகம் கொடுத்து ஊற்றவில்லையே என்று இருந்தது. கையை நீட்டிக் கொக்கிகளைத் தொட்டுக்கொண்டே போனாள். எட்டாவதோடு கை நின்றுவிட்டது. அதற்கப்புறம் வெறும் குழாய்.

சீட்டை எண்ணினாள். டிரைவர் சீட்டைத் தள்ளிவிட்டால் எட்டு.

"மிச்சம் ஆறு பேரு எங்கடா உக்காருறது?"

ஈஸ்வரன் கண்ணாடியை இறக்கிக்கொண்டான். "அதைய அண்ணங்கிட்டக் கேளுக்கா."

மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. அமாவாசை முதல் வாய் எடுத்து வைக்கும் வரைக்கும் அவள் பொறுத்தாள்.

"கொக்கி எட்டுதேன் இருக்கு," என்றாள்.

அவன் கை தட்டிலேயே நின்றது.

"பதினாலு பேருக்குச் சோறு போட்ட வண்டி. யார் யாரக் கழிச்சீக? பெரியாத்தாளக் கழிச்சாச்சு, படிய அறுக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. பாக்கி அஞ்சு யாரு?"

"படி எனக்கு ஞாபகமே வரல புள்ள," என்றான் அவன். "பின் பம்பரு மாட்ட எடம் வேணும்னான் ஈஸ்வரன். அறுடான்னுட்டேன். ஆத்தா கால் தூக்கி நிக்கும்போதுதேன் எனக்கு ஒறச்சது. சத்தியமா."

"அப்ப எதுக்கு இந்தக் கூத்தெல்லாம்?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"ஆடிச் சாரல்ல ஒருநா பதினோராவது வளைவுல பஸ்சுக்கு எடம் விட்டேனே, ஞாபகம் இருக்கா?"

"தெனமுந்தேன் எடம் விடுறீக."

"அன்னைக்கு வண்டி ஒரு குலுங்கு குலுங்குச்சு. செல்லக்கிளி, 'ஏண்ணே, காலையிலயே ஊத்திட்டியா'ன்னா. எல்லாரும் சிரிச்சீக."

அவளுக்கு ஞாபகம் வந்தது. நன்றாகச் சிரித்த நாள்.

"பின்வீலு ரோட்டுல இல்ல. வெளிய போயிருச்சு. நான் கண்ணாடியில பாக்குறேன், உன் தல தெரியுது. வாய் நெறைய வெத்தல, சிரிக்கிற. உன் தலைக்குப் பின்னால ரோடு இல்ல, மரம் இல்ல, ஒண்ணுமே இல்ல. வெறும் வெள்ளப் பனி. அப்பறம் எப்பிடி முன்னால எடுத்தேன்னு எனக்கே தெரியாது."

"சொல்லவே இல்லையே?"

"என்னன்னு சொல்ல? டிரைவருக்குப் பயம் வந்துருச்சுன்னு தெரிஞ்சா எவ ஏறுவா? உன் வாக்கு என்னாகும்? டயரு, லைட்டு, வின்ச்சுன்னு மாட்டுனா சரியாப் போகும்னு நெனச்சேன். போகல. அந்த வளைவு வந்தா கை நடுங்குது. பதினாலு பேர வச்சு என்னால முடியாது புள்ள. எட்டுப் பேருன்னா, கூண்டு இருக்கு, பெல்ட்டு இருக்கு, கவுந்தாலும் உசுரு நிக்கும். ஆனா அந்த ஆறு பேரச் சொல்ல எனக்கு வாய் வரல. நீ கங்காணி. நீ சொல்லு."

ஒச்சம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள். நம்பலாம் என்று மனசின் ஒரு பாதி சொன்னது. ஒரு வாரமாகப் பழகிவிட்ட மற்றப் பாதி, எட்டு சீட்டு டூரிஸ்ட்டுக்கும் தோதான கணக்குதானே என்றது. சந்தேகம் வீட்டுக்குள் ஏறின பூனை மாதிரி. ஒரு தரம் பால் குடித்துவிட்டால் விரட்ட விரட்ட வரும்.

திங்கட்கிழமை விடிகாலையில் பதினாலு பேரும் வந்து நின்றார்கள். ஒச்சம்மாள் பழக்கதோசத்தில் சட்டியை முதல் கொக்கியில் மாட்டிவிட்டுக் கீழே இறங்கி, விசயத்தைச் சொன்னாள். சாரல் நாளைச் சொன்னாள். எட்டுப் பேர் என்றாள்.

"நல்லாத்தேன் சொல்றீக," என்றாள் செல்லக்கிளி. "அன்னைக்கு நாங்களுந்தான வண்டியில இருந்தோம்? எங்களுக்குத் தெரியாம வீலு எப்பிடி வெளிய போச்சு? இன்னைக்கு ஆறு, அடுத்த மாசம் எட்டு. கொக்கிய வச்சுக் கண்ணக் கட்டுறீக புருசனும் பொண்டாட்டியும். நீ கங்காணி, உனக்கென்ன, உன் சீட்டு உனக்கு."

முதல் தடவையாக அந்தப் பெண்கள் அமாவாசையைப் பார்க்கிற பார்வையை அவள் பக்கம் திருப்பியிருந்தார்கள்.

"கைப்பிள்ளைக்காரி மூணு பேரும் ஏறுங்க," என்றாள் ஒச்சம்மாள். அடுத்து நாலு பேரைச் சொன்னாள். "செல்லக்கிளி, நீ முன் சீட்டுல ஏறு. எட்டாச்சு." தன் பேரைச் சொல்லவில்லை. பெரியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, மிச்சப் பேரோடு எதிரே நின்ற மனோஜு ஜீப்புக்கு நடந்தாள்.

"அடியே, அது ஏற்கெனவே ரொம்பிக் கெடக்கு!" அமாவாசை பாதி இறங்கிவிட்டான்.

"எல்லா வண்டியும் அப்பிடித்தேன் கெடக்கு. வண்டிய எடுங்க, பேர் எழுதுற நேரத்துக்குப் போகணும்."

மனோஜு ஜீப்பில் அவளுக்கு உட்கார இடமில்லை. பின்னால் ஸ்டெப்னி டயரைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றாள். அந்த வண்டிக்குப் படி இருந்தது.

அமாவாசை அதன் பின்னாலேயே போனான். பெண்கள் எட்டுப் பேரும் பெல்ட்டுக்குள் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். முதல் கொக்கியில் ஒச்சம்மாளின் சட்டி ஆடிக்கொண்டே வந்தது. அதனால் இடமில்லாமல் செல்லக்கிளி தன் சட்டியை மடியில் வைத்திருந்தாள்.

"முந்துங்கண்ணே. அவன் பொகையக் குடிச்சுக்கிட்டே போகணுமா?"

"முந்த மாட்டேன்."

எட்டாவது வளைவு தாண்டியதும் செல்லக்கிளி தற்செயலாக அவன் கையைப் பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை ரெண்டும் வெடவெடவென்று ஆடின. சாவி வளையம் கிணுகிணுத்தது. அவன் வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தான். சாமி கும்பிடுகிறான் என்று நினைத்தாள். உற்றுக் கேட்டால் வளைவை எண்ணிக்கொண்டிருந்தான். ஒன்பது. பத்து.

பதினோராவதில் மேலேயிருந்து பஸ்சு வந்தது. முன்னால் போன மனோஜு வழி விடப் பின்னுக்கு எடுத்தான். இருபது பேர் பாரத்தோடு ஜீப்பு தடதடவென்று விளிம்புக்கு வந்தது. அமாவாசை ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவே இல்லை. தொங்கிக்கொண்டிருந்த ஒச்சம்மாள் கீழே குனிந்து பார்த்தாள். தன் காலுக்கு அடியில் படி இருந்தது. படிக்கு அடியில் ரோடு இல்லை. சரளைக்கல் ரெண்டு உருண்டு போனது, விழுந்த சத்தம் கேட்கவில்லை.

அவள் தலையைத் தூக்கி அமாவாசையைப் பார்த்தாள். முன்கண்ணாடிக்குப் பின்னால் அவன் வாயைத் திறந்தபடி இருந்தான். அவன் சொன்னது அத்தனையும் நிசம் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. தெரிந்துகொள்ள வேறு வழி இருந்திருக்கக் கூடாதா என்றும் இருந்தது.

பஸ்சு போனது. ஜீப்பு முன்னால் ஏறியது. மனோஜு ஜீப்புக்குள் யாரோ ஒருத்தி எதற்கோ சிரித்தாள்.

"அண்ணே," என்றாள் செல்லக்கிளி. "மெதுவாவே போங்கண்ணே."

போடிமெட்டு டீக்கடையில் ரெண்டு வண்டியும் நின்றன. அமாவாசை இறங்கவில்லை, கையை மடிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒச்சம்மாள் அவன் பக்கம் வந்து நின்றாள்.

"நாளைக்கு மொத நடை நாலு மணிக்கு," என்றாள். "எறங்கி வந்து ரெண்டாம் நடை. மொத போறவுக ஸ்டோர்கிட்டத் தீ மூட்டிக் குளிர் காயட்டும். ஒருநா விட்டு ஒருநா முறை மாத்திக்கிருவோம்."

"ரெண்டு மணிக்கெல்லாம் எந்திரிச்சு எவடி சோறாக்குவா?" என்றாள் வீரலட்சுமி.

"நான் ஆக்குறேன்," என்றாள் செல்லக்கிளி, ஜீப்புக்குள்ளிருந்து. "டீசலுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கிருவோம். மொத நடைக்கு என் பேர எழுது மதினி."

ஒச்சம்மாள் தலையை ஆட்டினாள். உள்ளே கை விட்டுத் தன் சட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, செல்லக்கிளியின் சட்டியை வாங்கி அந்தக் கொக்கியில் மாட்டினாள்.

அமாவாசை மெல்ல இறங்கினான். மனோஜு ஜீப்பின் பின்னால் பெரியம்மாள் இறங்குவதற்குக் காலை நீட்டித் துழாவிக்கொண்டிருந்தாள். அவன் போய்க் கிழவியின் பாதத்தைப் பிடித்துப் படியில் வைத்தான்.

"யாரு, அமாவாசையா? உன் வண்டியில எனக்கு ஏற வழி உண்டாடா அப்பு?"

"இன்னைக்கு வச்சுர்றேன் ஆத்தா," என்றான் அவன். "பழைய படியவே வச்சுர்றேன்."